இலந்தை: தலமரமும் தோட்டத்துத் தமிழரும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றாலும் சிறப்புற்ற இடத்தை வழிபடுவது சைவப் பெருமக்களின் மரபு. தலத்தின் சிறப்போடு சேர்த்தே போற்றப்படுவது தலமரம். ஆல், அரசு, வில்வம், வேம்பு ஆகிய மரங்களின் தெய்வத்தன்மையை அடியார்கள் நன்கறிவர். ஆனால், முள் நிறைந்து, வறண்ட நிலத்து வரப்போரம் தானே முளைத்து, சிறுவர்கள் கல்லெறிந்து பழம் உதிர்க்கும் எளிய இலந்தையும் தலமரமாகத் திகழ்வதைப் பலர் அறியார். அம்மரத்தின் வரலாறு தமிழகத்துக் கோயில்களில் தொடங்கி, கோலசிலாங்கூர்த் தோட்டப்புறம் வரை நீள்கிறது.

பழந்தமிழர் இலந்தையை ‘இரத்தி’ என்றும் வழங்கினர். ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 34ஆம் பாடல், இலந்தை ஓங்கி வளர்ந்த அகன்ற மன்றத்தில் பாணன் தன் சுற்றத்தோடு அமர்ந்து உணவுண்ணும் காட்சியைக் காட்டுகிறது. ஊர்ப்பொது மன்றத்தில் நின்று, வந்தவர்க்கெல்லாம் நிழல் தந்த மரமாக இலந்தை அன்றே விளங்கியது.

கோயில்களில் இலந்தை

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே அமைந்த திருத்தலம் கீழ்வேளூர். திருஞானசம்பந்தராலும் திருநாவுக்கரசராலும் பாடல்பெற்ற இத்தலத்தின் இறைவன் கேடிலியப்பர், தலமரம் இலந்தை. இலந்தை வனமாக இருந்ததால் இதற்குப் பதரிவனம் என்ற பெயரும் உண்டு. சூரனை வதைத்த முருகப்பெருமான் அப்பாவம் நீங்க இங்குத் தவமிருந்தார் என்றும், அத்தவத்துக்கு இடையூறு நேராவண்ணம் அம்பிகை அஞ்சுவட்டத்தம்மையாக நின்று காத்தாள் என்றும் தலபுராணம் கூறுகிறது. கொங்கு நாட்டில் காவிரியும் பவானியும் கூடும் திருநணா என்னும் பவானித் திருத்தலத்திலும் இலந்தையே தலமரம்.

வைணவப் பெருமக்கள் போற்றும் பத்ரிநாத்தின் பெயரும் இம்மரத்திலிருந்து வந்ததே. வடமொழியில் ‘பதரி’ என்றால் இலந்தை. இமயத்தின் பனியில் தவமிருந்த திருமாலைக் காக்கத் திருமகள் இலந்தை மரமாக நின்றாள் என்பது அத்தலத்தின் வரலாறு. திருமங்கையாழ்வார் அத்தலத்தை ‘வதரி’ எனத் தமிழாக்கிப் பாடினார். விநாயக சதுர்த்தியன்று பிள்ளையாருக்குச் சார்த்தும் 21 வகை இலைகளுள் இலந்தை இலையும் ஒன்று.

இலந்தை என்றதும் பலர் நினைவுக்கு வருபவள் சபரி. ஒவ்வொரு பழத்தையும் தான் கடித்துச் சுவை பார்த்து, இனித்தவற்றை மட்டும் இராமபிரானுக்கு அவள் அளித்தாள் என்ற கதை பாரதமெங்கும் வழங்குகிறது. வான்மீகத்திலும் கம்பராமாயணத்திலும் அவள் விருந்தளித்த செய்தி மட்டுமே உள்ளது. எச்சில் பழத்தின் கதை பிற்காலப் பக்தி மரபில் மலர்ந்தது. காட்டில் வாழ்ந்த ஏழை மூதாட்டியின் கையில் எட்டக்கூடிய பழம் எது என்று எண்ணிய பக்தர் உள்ளம், மாவையோ பலாவையோ தேடாமல் இலந்தையைத் தேர்ந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டாத பழம் அது.

கப்பலேறிய மக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வடஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் மலாயாவுக்கு வந்தனர். கங்காணிகளின் அழைப்பை ஏற்று வந்தோரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினர். திருவாரூர் வழியாக அத்துறைமுகத்துக்குச் செல்லும் இரயில் பாதையில் கீழ்வேளூரும் ஒரு நிலையம். தாய்மண்ணை விட்டு நீங்குமுன் அவ்வழியே சென்றவர்கள் கடந்த கடைசிப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்று, இலந்தையைத் தலமரமாகக் கொண்ட அத்திருக்கோயில். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் உதவிக் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இந்த வரவு தொடர்ந்தது.

அவர்களில் ஒரு பகுதியினர் கோலசிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் குடியேறினர். இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம் தமிழ்ப் பெயரையே தாங்கி நிற்கிறது. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி பொக்கோனியே 1917ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய செம்பனைப் பயிரே மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமாயிற்று.

லயங்களின் பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் தழைத்தன. கோயில் முற்றத்தில் வேம்பும் அரசும் வளர்ந்தன. இலந்தைக்கு அத்தகைய இடம் பரவலாகக் கிட்டவில்லை. அதற்கு நிலமும் மழையும் காரணம். வெயிலும் வறட்சியும் இலந்தைக்கு உகந்தவை. நன்கு வறண்ட பருவம் இருந்தால்தான் காய்ப்பு மிகும். ஆண்டு முழுதும் மழை பெய்யும் சிலாங்கூர்க் கரையோரத்துக் களிமண்ணும் சதுப்பும் அதன் இயல்புக்கு மாறானவை. தென்னைக்குத் தோட்டத்தின் பெயராகும் பேறு கிடைத்தது. இலந்தையோ மூத்தோர் வாய்ச்சொல்லில் மட்டும் தங்கியது. தை மாதத்துப் பழம், மிளகாயும் உப்பும் வெல்லமும் சேர்த்து இடித்து வெயிலில் உலர்த்திய இலந்தை வடை, கழனிக்கு வேலியான முட்கிளை, கலப்பைக்கும் கட்டில் காலுக்கும் உதவிய வன்மரம், கிளையில் அரக்குப் பூச்சி வளர்த்த தொழில் என அது ஊர் நினைவோடு கலந்திருந்தது.

அண்டை வீட்டாரின் இலந்தை

ஆயினும் இலந்தை இந்நாட்டுக்குப் புதியதன்று. மலாய் மக்கள் ‘பிடாரா’ என அழைப்பது இதே மரத்தைத்தான். ‘பதரா’ என்ற வடசொல்லே மலாய் மொழியில் ‘பிடாரா’ ஆயிற்று. தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரதப் பண்பாடு இக்கரையைத் தொட்டதற்கு இச்சொல்லும் ஒரு சான்று. இஸ்லாமியர் இறந்தோரை நீராட்டும் நீரில் பிடாரா இலையைச் சேர்க்கின்றனர். இந்துக்கள் முழுமுதற் கடவுளுக்கு இலையாகச் சார்த்துவதை, அவர்கள் இறுதிக் கடனில் தூய்மைப் பொருளாகக் கொள்கின்றனர்.

சீனர் கடைகளில் விற்கப்படும் சிவந்த, சுருங்கிய பழத்தைச் ‘சீனப் பேரீச்சை’ எனத் தமிழர் அழைப்பர். உண்மையில் அது பேரீச்சை இனம் அன்று, இலந்தையின் உடன்பிறப்பு. தாவர நூலார் தமிழகத்து இலந்தையையும் சீனத்து இலந்தையையும் ‘சிசிஃபஸ்’ என்னும் ஒரே பேரினத்தில் வைக்கின்றனர். சீனர் திருமணத் தேநீர்ச் சடங்கிலும், பிள்ளைபெற்ற தாய்க்கு அளிக்கும் பானத்திலும் அது இடம்பெறுகிறது. விட்டுவந்ததாகத் தமிழர் எண்ணிய மரம், அண்டை வீட்டார் இருவரிடமும் வேறு பெயர்களில் இருந்துகொண்டேயிருந்தது.

உடல்நலத்துக்கு இலந்தை

சரக சங்கிதை, இதயத்துக்கு இதமானவை எனத் தொகுத்த பத்துப் பொருள்களுள் இலந்தையும் உண்டு. நாட்டு மருத்துவத்தில் இலையை அரைத்துக் கட்டிகளுக்குப் பற்றிடுவதும், பட்டைக் கஷாயத்தை வயிற்றுப்போக்குக்கு அளிப்பதும் வழக்கம். சீன மருத்துவர், காட்டிலந்தை விதையை உறக்கமின்மைக்குத் தருவர்.

இன்றைய உணவியல் கணக்கின்படி, சீனத்து இலந்தையின் 100 கிராம் புதுப்பழத்தில் ஏறத்தாழ 69 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது; இது ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைவிட மிகுதி. உலர்த்தும்போது அச்சத்து பெரிதும் குறைந்து, சர்க்கரை செறிவடைகிறது. ஆகவே, நீரிழிவு உள்ளோர் உலர்ந்த பழத்தையும் வெல்லம் சேர்த்த வடையையும் அளவோடு உண்ண வேண்டும். தொடர்ந்து மருந்துண்போர் இலை, பட்டை, விதை ஆகியவற்றை மருத்துவரைக் கேளாது உட்கொள்ளுதல் கூடாது. பழம் உணவு, மருந்துக்கு மாற்றன்று.

மறையும் பெயர்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வட சிலாங்கூரின் லயங்கள் பல வெறுமையாயின. பத்தாங் பெர்ஜுந்தையே 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. புக்கிட் தாகார், நைஜல் கார்டனர், மேரி, மின்யாக், சுங்கை திங்கி ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தது நாடறிந்த செய்தி. மக்கள் இடம்பெயர்ந்தபோது அம்மனைப் பெயர்த்துச் சென்று மீண்டும் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. வேரூன்றிய மரத்தை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலவில்லை. மரத்தோடு அதன் பெயரும் பயனும் அறிந்த மூத்த தலைமுறையும் மறைந்துவருகிறது. பிள்ளையாருக்கு 21 இலைகள் தேடும் நாளில், பக்கத்துக் கம்பத்தில் நிற்கும் பிடாராவே இலந்தை என்று சொல்லித் தர இனி யார் இருப்பார்?

இக்குறையைப் போக்கும் வழி ஆலயங்களின் கையில் உள்ளது. ஆலய வளாகத்தில் வெயில் நன்கு படும், நீர் தேங்காத மேட்டு நிலத்தில் ஓர் இலந்தைக் கன்றை நடலாம். ஒட்டுக் கன்று விரைவில் காய்க்கும். முள் உள்ள மரமாதலால் நடைபாதையிலிருந்து சற்று விலக்கி நடுதல் நலம். அதனடியில் இலந்தை, பதரி, பிடாரா என்னும் மூன்று பெயர்களையும் எழுதி வைத்தால், சமய வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சபரியின் பக்தியையும், கீழ்வேளூரின் பெருமையையும், கப்பலேறி வந்த முன்னோரின் வழியையும் ஒரே மரத்தின் நிழலில் கற்பர். இச்சிலாங்கூர் மண்ணில் அது குறைவாகவே காய்க்கலாம். ஆயினும் பிள்ளையாருக்குச் சார்த்த இலை தரும். சங்க காலத்து மன்றத்தில் நின்றது போல், வருவோர் அனைவருக்கும் நிழலும் தரும்.