ஐந்தாந் தரமும் அதன் பின்னும்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளியாகும் நாட்களில் சிலாபத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சேர், புள்ளைய வெளியூர்ப் பெரிய ஸ்கூலுக்கு அனுப்புறதா, இங்கேயே படிக்க விடுறதா?" இக்கேள்விக்கு எண்பதாண்டு வரலாறு உண்டு.

1945க்கு முன்னர் பிள்ளைகளைத் தெரிவு செய்தது பணமே. கட்டணம் அறவிட்ட ஆங்கிலப் பாடசாலைகள் உத்தியோகத்துக்கு வழிகாட்டின. கட்டணமற்ற சுயமொழிப் பாடசாலைகளில் கற்றோருக்கு அவ்வழி அரிதாகவே திறந்தது. கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கை இப்பிரிவினையை உடைக்க முயன்றது. 1945 ஒக்டோபர் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதே தசாப்தத்தில் கிராமப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன. ஏழை மாணவர் புலமைப்பரிசில் பெற்று அவற்றின் விடுதிகளில் தங்கிப் படித்தனர். நல்ல பாடசாலையைக் கிராமத்தின் அருகே கொண்டுவருவதே அதன் நோக்கம். எமது நஸ்ரியாவின் பெயரிலும் 'மத்திய கல்லூரி' என்ற சொல் நிற்கின்றது.

எனினும் அதே அறிக்கை, ஆரம்பக் கல்வி முடிவில் பிள்ளைகளைச் சோதித்து மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரிக்கவும் பரிந்துரைத்தது. இங்கிலாந்திலும் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பதினொரு வயதுப் பரீட்சை அவ்வாறே பிள்ளைகளைப் பிரித்தது. 1965 முதல் அங்கு பெரும்பாலான இடங்களில் அது கைவிடப்பட்டது. எமது நாட்டில் மூவகைப் பிரிவினை நிலைபெறவில்லை. ஆனால் தெரிவு வேறு வாசலால் நுழைந்தது. வறிய பிள்ளைக்கு உதவுபணம் வழங்கும் பரீட்சையே பிரபல பாடசாலைகளின் அனுமதிப் பரீட்சையுமாயிற்று. 200 புள்ளிகளும் ஒரு வெட்டுப்புள்ளியும் பத்து வயதுப் பிள்ளையின் பாதையைத் தீர்மானிக்கலாயின.

இலவசக் கல்வி வந்த அதே 1945இல்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை உருவாக்க முன்னின்றார். கட்டணம் நீங்கினும் வறுமை நீங்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1948இல் அரச உயர் பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார்.

பெற்றோருக்கு நான் கூறும் விடை இதுதான். பாடசாலையின் புகழை விட அதன் வகையைப் பாருங்கள். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமுமே உண்டு. வகை 2 பதினோராந் தரத்துடன் முடிகின்றது. சாதாரண தரம் வரையிலான பாடத்திட்டம் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒன்றே. ஆகவே விஞ்ஞானம் விரும்பும் பிள்ளை பதினாறு வயதில், தன் விருப்பை அறிந்து இடம் மாறலாம். பத்து வயதில் தாயைப் பிரிய வேண்டிய அவசியமில்லை.

ஆயின் இவ்விடை பெண் பிள்ளைகளிடம் தோற்றுப்போகின்றது. பதினாறு வயது மகளை வெளியூருக்கு அனுப்பப் பல தந்தையர் இசைவதில்லை. அவளுக்கு ஊர்ப் பாடசாலையில் உள்ள பிரிவுகளே எல்லை. வைத்தியராகக்கூடிய பிள்ளை, தமிழ்மொழி மூலம் பௌதிகவியல் கற்பிக்க அருகில் ஆசிரியர் இல்லாமையால் கலைப்பிரிவில் அமர்கின்றாள்.

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஊர் விழா எடுக்கின்றது. பொன்னாடையும் கேடயமும் வழங்குகின்றது. அச்செலவில் ஒரு பங்கு ஊர்ப் பாடசாலையின் ஆய்வுகூடத்துக்குச் சேருமாயின், தாண்டாத பிள்ளைக்கும் ஒரு வழி பிறக்கும். மத்திய பாடசாலையின் முதல் நோக்கமும் அதுவே.