எழுத்தின் உருவம் எங்கே இருக்கிறது?

அச்சு நன்றாக அமைந்த நூலில் எழுத்தின் உருவம் வாசகரின் கண்ணை உறுத்துவதில்லை. அது கெடும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே நினைவுக்கு வருகிறது. 1977இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத்துக்கு நேர்ந்தது இதுதான். அதன் விளைவாக அவர் எழுதிய இரண்டு நிரல்கள், கணினியே பக்கத்தை அமைத்து அச்சுக்கு அனுப்பும் முறையின் வரலாற்றில் தனி இடம் பெற்றவை.

கனூத்தின் 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூல்வரிசையின் முதல் தொகுதி 1968இலும் இரண்டாம் தொகுதி 1969இலும் வெளிவந்தன. அவை மோனோடைப் இயந்திரத்தில் உருக்கிய ஈயத்தில் வார்த்த எழுத்துகளால் கோக்கப்பட்டவை. கணிதச் சூத்திரங்களை இப்படிக் கோக்கத் தேர்ந்த கைகள் வேண்டும். எழுபதுகளின் நடுவில் அந்தக் கைகளும் இயந்திரங்களும் அருகிவிட்டன. பதிப்பகங்கள் ஒளியச்சுக்கோப்புக்கு மாறின. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்பு 1977 மார்ச்சில் கனூத்தின் கைக்கு வந்தபோது, அதில் பழைய நூலின் முகமே இல்லை. பதினைந்து ஆண்டுகாலமாகத் தாம் உழைத்துவரும் நூல் இப்படி வெளிவருவதை அவரால் ஏற்க முடியவில்லை.

அதற்குச் சற்று முன்புதான், அங்குலத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகளால் எழுத்துகளை அமைக்கும் கணினி அச்சின் மாதிரி ஒன்றை அவர் கண்டிருந்தார். ஈய அச்சுக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததாகத் தோன்றவில்லை. ஒரு புள்ளியில் மை உண்டு அல்லது இல்லை. ஒன்று அல்லது சுழியம். அப்படியானால் ஒரு பக்கத்தை அச்சிடுவது கணினி அறிஞனின் வேலையாகிவிடுகிறது. அந்த ஆண்டு மே மாதத்தில் அவர் டெக் என்னும் நிரலை வடிவமைக்கத் தொடங்கினார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்று எண்ணிய வேலை பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது.

டெக் நிரலின் அமைப்பில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. பக்கத்தை அமைக்கும் அந்த நிரலுக்கு எழுத்துகளின் உருவம் தெரியாது. ஒவ்வோர் எழுத்தின் அகலம், உயரம், அடிக்கோட்டுக்குக் கீழ் இறங்கும் ஆழம், எந்த எழுத்தை அடுத்து எது நெருங்கி அமர வேண்டும் என்னும் கணக்கு ஆகியவை மட்டும் ஒரு சிறு கோப்பிலிருந்து ஏற்றப்படுகின்றன. அந்த நிரலுக்கு எழுத்து என்பது ஒரு வெற்றுப் பெட்டி. அச்சுத்துறையின் ஒரு பாயிண்டை 65,536 கூறுகளாகப் பகுத்து அது கணக்கிடுகிறது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய அளவு அது. எந்தப் பெட்டி எங்கே என்பதை மட்டும் எழுதிவைத்து அதன் வேலை முடிகிறது. பெட்டிக்குள் உருவத்தை நிரப்புவது அச்சுப்பொறியை இயக்கும் மற்றொரு நிரலின் பொறுப்பு. அளவுக் கோப்பும் உருவக் கோப்பும் ஒரே எழுத்துருவுக்கு உரியவைதாமா என்று சரிபார்க்க ஒரு சோதனை எண்ணும் உண்டு.

அந்த உருவத்தைப் படைப்பதற்காக எழுதப்பட்டது மெட்டாஃபாண்ட் என்னும் இரண்டாவது நிரல். இங்கே எழுத்து ஓவியமன்று. ஒரு கட்டளைத் தொகுதி. இன்ன அகலமுள்ள பேனா இன்ன வளைவில் செல்லட்டும் என்று கணிதச் சமன்பாடுகளால் சொல்ல வேண்டும். 1517இலேயே இத்தாலியின் பிரான்செஸ்கோ டோர்னியெல்லோ, ரோமானியப் பெரிய எழுத்துகளை வடிவகணித முறையில் வரைவது பற்றி நூல் செய்திருந்தார். கனூத் அவரைப் படித்தார். ஆனாலும் 'எஸ்' என்னும் ஒற்றை எழுத்தின் வளைவு அவரைத் திணறடித்தது. அதைப் பற்றியே 1980இல் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது.

1981இல் இரண்டாம் தொகுதியின் மறுபதிப்பு அவருடைய சொந்த எழுத்துகளிலேயே வெளிவந்தது. நூலைக் கையில் எடுத்தவருக்குக் கிட்டியது ஏமாற்றமே. சமன்பாடுகளில் பிழையில்லை, ஆனால் எழுத்துகள் அழகாக இல்லை. நிரலால் எழுத்தை விவரிக்க முடியும். எந்த எழுத்து நல்லது என்பதை அறியக் கண் பழகியிருக்க வேண்டும். கனூத் ஹெர்மன் ஜாப்ஃப், மாத்யூ கார்ட்டர், சார்லஸ் பிகலோ, ரிச்சர்ட் சவுத்தால் முதலிய எழுத்துருக் கலைஞர்களிடம் பாடம் கேட்டார். 1984இல் மெட்டாஃபாண்ட் முழுவதும் திருத்தி எழுதப்பட்டது. அறுபதுக்கு மேற்பட்ட அளபுருக்களை மாற்றி மாற்றி எழுத்துகளின் ஒரு குடும்பத்தையே பிறப்பிக்கும் 'கம்ப்யூட்டர் மாடர்ன்' உருப்பெற்றது. 1986இல் அந்த எழுத்துகளின் நிரல்கள் முழுவதும் ஒரு தனி நூலாகவே அச்சேறின.

உலகம் வேறு வழியில் சென்றது. மெட்டாஃபாண்ட், அச்சுப்பொறிக்கு ஏற்ற புள்ளிகளாக எழுத்தை மாற்றித் தந்தது. பொறி மாறினால் புள்ளிகளையும் புதிதாகப் பிறப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் வந்த அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட், எழுத்தின் வெளிக்கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அளவுக்கும் அதைப் புள்ளிகளாக்கியது. 1993இல் வந்த பிடிஎஃப் வடிவம் எழுத்துருவை ஆவணத்துக்குள்ளேயே பொதிந்து அனுப்ப இடந்தந்தது. அதுவரை, பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கம் சிதையும் என்ற அச்சம் இருந்தது. கனூத்தின் எழுத்துகளும் வெளிக்கோடுகளாக மாற்றப்பட்டு, 1997இல் அனைவருக்கும் இலவசமாயின. பின்னர் வெளிவந்த கணிதக் கட்டுரைகளில் பெரும்பாலானோர் கண்டது அந்த வெளிக்கோட்டு வடிவத்தையே.

அவர் தோற்றார் என்று இதற்குப் பொருளில்லை. வெளிக்கோடுகளாக மாறியபோதும் எழுத்தின் அகலக் கணக்கு மாறவில்லை. ஆகவே, எழுத்துருவையும் நிரலையும் மாற்றாமல் வைத்திருந்த பக்கங்களில் வரிகள் இடம்பெயரவில்லை. டெக்கின் பதிப்பெண் 'பை' என்னும் எண்ணையும் மெட்டாஃபாண்டின் பதிப்பெண் 'இ' என்னும் மாறிலியையும் ஒவ்வோர் இலக்கமாக நெருங்கிச் செல்கின்றன. தம் மறைவுக்குப் பின் எஞ்சும் பிழைகளும் நிரலின் இயல்புகளாகவே கொள்ளப்பட வேண்டும், எவரும் திருத்தலாகாது என்பது அவர் விருப்பம். ஈயம் போனபோது நூலின் முகமும் சேர்ந்து போனதைக் கண்டவர் அவர். இனி அப்படிப் போகாதபடி எழுத்தை ஓர் உரையாக எழுதிவைத்தார். உரையை எவரும் படிக்கலாம், எந்தப் பொறியிலும் மீண்டும் எழுப்பலாம்.