குதிரையைக் கவனித்த காப்ரில்லி

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், குதிரை தடையைத் தாண்டும்போது வீரர்கள் பின்பக்கம் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பார்கள். குதிரை பின்னங்கால்களில் இறங்கினால் நல்லது என்று நம்பினார்கள். வாய் வலித்த இளங்குதிரைகளோ தடையைக் கண்டாலே மிரண்டன.

இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி (1868–1907), ஆள் ஏறாத குதிரைகள் எப்படித் தாண்டுகின்றன என்று கவனித்தார். அவை கழுத்தை நீட்டி, முன்னங்கால்களில்தான் இறங்கின. ஆகவே வீரர்தான் முன்னால் சாய்ந்து, குதிரையின் போக்குக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். புதிய குதிரைக்குத் தாழ்வான தடைகளில் தொடங்கி, பயமில்லாமல் பழக்க வேண்டும் என்பது அவர் முறை.

மேலதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை. 1902இல் துரின் நகரில் அவர் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டினார். பிறகு பினெரோலோ குதிரைப்படைப் பள்ளியில் இம்முறையைக் கற்க வெளிநாட்டு அதிகாரிகளும் வந்தார்கள். 1907இல் குதிரையிலிருந்து விழுந்து காப்ரில்லி இறந்தார். இன்று ஒலிம்பிக் வீரர்கள் தாண்டும்போது முன்னால் சாய்வது அவர் காட்டிய வழிதான்.