ராமகுப்பம் கண்ட ஒரு கணினித் திட்டம்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். 'ப்ராடக்ட் மேனேஜர்', 'டீம்' என்ற சொற்கள் சாப்பிடும்போதுகூட நம் காதில் விழுகின்றன. ஒரு பொருள் யாருக்கு, எதற்குத் தேவை என்று முதலில் கண்டறிய வேண்டும். பிறகு பலதுறை ஆட்களையும் ஒன்றுசேர்த்து அதை உருவாக்க வேண்டும். அந்த வேலையின் சாரம் இவ்வளவுதான். இதெல்லாம் அமெரிக்கா சமாசாரம்னு நினைக்க வேண்டாம். ராமகுப்பத்திலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு.

1911-இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. அதன் தென்மேற்குக் கோடியில், குப்பத்தை அடுத்து இருக்கிறது ராமகுப்பம். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் புழங்கும் எல்லைப்புறம் அது.

2002-இல் அமெரிக்காவின் எச்.பி. நிறுவனம், ஆந்திர அரசோடு சேர்ந்து 'குப்பம் ஐ-கம்யூனிட்டி' என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அன்றைய முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் சொந்தத் தொகுதி குப்பம். ராமகுப்பம் உட்பட ஐந்து மண்டலங்களில் வாழ்ந்த சுமார் 3 லட்சம் மக்களுக்கானது திட்டம். இது வெறும் தர்ம காரியம் அல்ல. கிராமத்துக்கு எந்தப் பொருள் செல்லுபடியாகும் என்று கற்றுக்கொள்வதும் நிறுவனத்தின் நோக்கமாக இருந்தது. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

ஊர்களில் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. ஆனால் நினைவில் நிற்பது புகைப்படத் திட்டம்தான். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். கல்யாணம், காதுகுத்துக்கும் படம் வேண்டும். ஊரிலோ மின்சாரத்தை நம்ப முடியாது. எனவே டிஜிட்டல் கேமரா, சிறிய பிரிண்டர், சூரிய ஒளியில் மின்சாரம் தரும் தகடு ஆகியவற்றைத் தூக்கிச் செல்லும்படி சேர்த்தார்கள். சுயஉதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து, கையோடு அச்சிட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். பொறியாளர், அதிகாரி, களப்பணியாளர், குழுப் பெண்கள் என்ற நாலு தரப்பில் ஒருவர் குறைந்தாலும் இது நடந்திருக்காது. தகடு தேவை என்பதைச் சொன்னது ஆய்வுக்கூடம் அல்ல, ஊரின் மின்வெட்டு!

2003 ஆகஸ்டில் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ' இதழ் இத்திட்டத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. பல திறமையுள்ள ஆட்களை ஒரே குழுவாகக் களமிறக்குவது அதில் சொல்லப்பட்ட பாடங்களில் ஒன்று.

ஆனால் 2004 மே மாதத்தில் மாநில ஆட்சி மாறியது. 2005 பிப்ரவரியில் எச்.பி. தலைவர் கார்லி ஃபியோரினா பதவி விலகினார். மூன்றாண்டுக் கெடுவும் முடிந்தது. அந்தப் படப்பெட்டி நாடெங்கும் விற்கும் சரக்காக மாறவில்லை. பொருளை உருவாக்கப் பலர் கூடினார்கள். கெடு முடிந்தபின் அதைத் தன் பிள்ளையாக வளர்க்க ஒருவர் வேண்டுமே, அந்த இடம் காலியாகிவிட்டது.

ப்ராடக்ட் மேனேஜராக இருக்கும் நம் பிள்ளைகள் ராமகுப்பத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் இதுதான். ஒரு பொருளைத் தொடங்கும்போதே, நாம் விலகிய பிறகு இது யார் கையில் இருக்கும் என்று கேட்டு வைக்க வேண்டும்.