அம்ரிதா ஷெர்கிலும் அவர் நின்று நோக்கிய இடங்களும்

ஓவியர் அம்ரிதா ஷெர்கில் (1913–1941) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டைக் கையாளுகின்றனர். தந்தை வழியால் பஞ்சாபும் தாய் வழியால் ஹங்கேரியும் அவர் குருதியில் கலந்தன. அக்கலப்பே அவர் ஓவியத்தில் கீழ்த்திசையும் மேல்திசையும் விரவிய நடையாக வெளிப்பட்டது என்பது அவ்வாய்பாடு. கேட்பதற்கு இஃது இனிது. ஆயின் எதனையும் விளக்குவதன்று. அவருடைய தங்கை இந்திராவுக்கும் அதே குருதிதான். 1935இல் அவர் தீட்டிய படத்திற்கும் 1940இல் தீட்டிய படத்திற்கும் இடையே உள்ள பெருவேற்றுமைக்குக் குருதி காரணமாதல் யாங்ஙனம்? வாழ்ந்த இல்லங்கள் மாறுந்தோறும், மனித உருவத்தை அவர் எங்கு நின்று நோக்கினார் என்பதும் மாறியது. அதனையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அம்ரிதா 1913ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் வடமொழியும் பாரசீகமும் கற்றவர். ஒளிப்படக் கலையில் தோய்ந்தவர். தாயார் மரீ அந்துவானெத் இசைவாணர். முதல் உலகப்போர்க் காலம் முழுவதும் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்கியது. 1921இல் சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் குடியேறினர். 1924இல் சில திங்கள் ஃபிளாரன்சு நகரப் பள்ளியில் அம்ரிதா பயின்றார். அக்கல்வி அவருக்கு உவப்பாக இல்லை.

1929இல் குடும்பம் பாரிசு சென்றது. அங்கு கிராண்ட் ஷோமியேர் கலைக்கூடத்திலும், பின்னர் எக்கோல் தெ போசார் என்னும் நுண்கலைக் கல்லூரியில் லூசியன் சிமோன் என்பாரிடத்தும் பயின்றார். மாதிரியாக அமர்த்தப்பட்ட ஒருவரைப் பயிற்சிக்கூடத்தில் இருத்தி, உடலின் திரட்சியையும் அதன்மேல் விழும் ஒளியையும் கூர்ந்து நோக்கித் தீட்டுதலே அங்குப் பயிற்றிய முறை. ‘இளம்பெண்கள்’ (1932) என்னும் படம் அம்முறையின் விளைவு. இந்திராவும் பிரெஞ்சுத் தோழி ஒருவரும் அதற்கு மாதிரியாயினர். 1933இல் அப்படத்திற்குப் பாரிசின் கிராண்ட் சலோன் கண்காட்சியில் தங்கப்பதக்கம் கிடைத்தது; அவ்வவையின் இணை உறுப்பினராகவும் அம்ரிதா ஏற்கப்பெற்றார். அப்போது அவருக்கு அகவை இருபது.

1934இன் இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். இந்தியரின் வாழ்வை, சிறப்பாக ஏழை மக்களின் வாழ்வைத் தீட்டுவதே தம் பணி என உறுதி கொண்டார். சிம்லாவில் தீட்டிய ‘மலை ஆடவர்’, ‘மலைப் பெண்டிர்’, ‘அன்னை இந்தியா’ என்பன அவ்வுறுதியின் முதற் பயன்கள். மூன்றும் 1935ஆம் ஆண்டின. மெலிந்து நீண்ட உருவங்கள், தாழ்ந்த இமைகள், அசைவற்ற நிலை. இவற்றைப் பாராட்டாத நூல் இல்லை. எனினும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. இவ்வுருவங்கள் எங்கு நிற்கின்றன? வீடில்லை, மரமில்லை, செய்யும் தொழிலும் பெரிதும் இல்லை. தொல்காப்பியர் வகுத்த சொற்களால் கூறின், முதற்பொருளும் கருப்பொருளும் பின்னிற்க உரிப்பொருள் மட்டும் தனித்து நிற்கின்றது. சிம்லா இல்லத்திற்குக் குன்றின் மக்கள் நடந்து வருவோரே அன்றி, அங்கு வாழ்வோர் அல்லர். கருப்பொருள் புதிதாயினும் ஓவியர் நின்ற இடம் பாரிசின் பயிற்சிக்கூடமே. துயரம் இப்படங்களில் காணப்படவில்லை, சொல்லப்படுகின்றது.

அதே ஆண்டில் சிம்லா நுண்கலைக் கழகம் அவர் படங்களுள் சிலவற்றை ஏலாது விடுத்து ஒன்றற்குப் பரிசு வழங்கியதும், அவர் அப்பரிசைத் திருப்பி அனுப்பியதும் பலரும் அறிந்த செய்தி. இது அவர் தன்மதிப்பைக் காட்டுவதாகலாம். கலை வளர்ச்சிக்கு இதனால் விளைந்தது சிறிதே.

உண்மையான திருப்பம் 1936இன் இறுதியில் மேற்கொண்ட தென்திசைப் பயணத்தில் நேர்ந்தது. பம்பாயில் கலைத் திறனாய்வாளர் கார்ல் கண்டாலாவாலாவின் நட்புக் கிடைத்தது. அஜந்தாவும் எல்லோராவும் கண்டு, ஐதராபாத் வழியாகத் திருவனந்தபுரத்திற்கும், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த குமரிமுனைக்கும் சென்றார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் அவரைப் பெரிதும் ஈர்த்தன. அஜந்தாவில் அவர் கற்றது யாது? ஓர் உருவத்தைத் தனியே திரட்டுதலன்று; பல உருவங்களைச் சுவர்ப்பரப்பில் ஒன்றோடொன்று பிணைத்தல். ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியச் சிற்றூரார்’ என்னும் 1937ஆம் ஆண்டின் மூன்று பெரும் படங்களும் இதற்குச் சான்று. ‘பிரமசாரிக’ளில் வெண்ணிற ஆடையும் மாநிற மேனியும் செம்மண் நிறப் பின்புலமும் தம்முள் இயைந்து நிற்கும் அமைதியைப் பாரிசில் தீட்டிய எப்படத்திலும் காணோம்.

ஆயினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. இம்மூன்றும் தென்னாட்டில் தீட்டப்பட்டன அல்ல. வடக்கே சிம்லாவுக்கு மீண்ட பின்னர் உருப்பெற்றவை. சில கிழமைகளே தங்கிய வழிப்போக்கரின் நினைவில் எஞ்சியவற்றால் ஆனவை. ஆதலின் இவற்றைத் தென்னாட்டு வாழ்வின் சித்திரங்கள் எனக் கொள்வதினும், தென்னாட்டு மக்களை முன்னிறுத்தி அஜந்தாச் சுவரை மீண்டும் எழுப்ப முயன்றவை எனக் கொள்ளுதலே பொருந்தும். இவற்றின் பெருமை இதனாற் குறையாது. பெயரை மட்டும் கண்டு நம்மவர் உரிமை கொண்டாடுதல் குறையும்.

அவர் உள்ளே நின்று நோக்கிய இடம் கோரக்பூர் மாவட்டத்துச் சராயா. சிற்றப்பன் வழியினர்க்கு உரிய நிலமும் சர்க்கரை ஆலையும் அங்கு இருந்தன. 1938இன் தொடக்கத்தில் தீட்டிய ‘பெண்டிர் முற்றத்தில்’ என்னும் படத்தைக் காண்க. வேலி சூழ்ந்த வெளியில் ஒரு பெண்ணுக்குக் கூந்தல் பின்னப்படுகின்றது. அருகே செம்மலர் பூத்த செடி. உருவங்கள் சிறுத்துவிட்டன, இடம் விரிந்துவிட்டது. துயரைக் கூற எவரும் நிறுத்தப்படவில்லை. அவரவர் தத்தம் செயலில் உள்ளனர்.

அவ்வாண்டு நடுவில் ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினராகிய மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். ‘ஹங்கேரியச் சந்தை’ அங்குத் தீட்டியது. போர் மூளுமுன் 1939இல் இருவரும் இந்தியா வந்து, பின் சராயாவில் தங்கினர். பசோலி, முகலாயச் சிற்றோவியங்களின் வண்ணத் துணிவு இக்காலத்துப் படங்களில் நன்கு பதிந்துள்ளது. ‘மஞ்சள் அரைப்போர்’, ‘ஊஞ்சல்’, ‘கட்டிலில் இளைப்பாறும் பெண்’ என்பன 1940ஆம் ஆண்டின. இறுதியிற் கூறியதில் செந்நிற ஆடையணிந்த பெண் செந்நிறக் கட்டிலில் கிடக்கின்றாள். அருகே விசிறியுடன் ஒருத்தி. வீட்டினுள் அடைபட்ட நண்பகலின் புழுக்கம் முகக்குறியால் அன்றி நிறத்தாலேயே உணர்த்தப்படுகின்றது.

ஆலை உடையார் குடியிற் பிறந்தவர் உழைப்பாளரை உள்ளிருந்து கண்டார் என்றல் தகுமோ எனச் சிலர் வினவலாம். வினா முறையானதே. அம்ரிதா அவர்களுள் ஒருவராக வாழவில்லை. ஆயின் சராயாவில் அவர் அவ்விடைவெளியை மறைக்கவும் முயலவில்லை. மாந்தரைச் சற்றுத் தொலைவில், அவர்தம் மரம், சுவர், முற்றம் ஆகியவற்றோடு வைத்தே காட்டினார். 1935இன் படங்களில் அருகில் வந்தும் அயலாராக நின்றோர், 1940இல் அகன்று நின்றும் அறிந்தோராகத் தோன்றுகின்றனர்.

1941 செப்டம்பரில் கணவருடன் இலாகூரில் குடியேறினார். திசம்பரில் நிகழவிருந்த கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவர் சில நாளே நோயுற்று, அத்திங்கள் 5ஆம் நாள் தம் இருபத்தெட்டாம் அகவையில் மறைந்தார். புதிய வீட்டின் மேலிருந்து கண்ட காட்சியே அவர் இறுதியாகத் தொடங்கிய படம். கீழே எருமைகள், சுற்றிலும் அண்டை வீடுகளின் சுவர்களும் கூரைகளும். உருவ ஓவியராகவே அறியப்பட்ட அவர் அதில் மனித உருவை முன்னிறுத்தவில்லை. வண்ணத் திட்டுகள் இடம் பெற்றுள்ளன, கோடுகள் முற்றவில்லை.