எலிஹு யேல்: கோட்டையும் கல்லூரியும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல், சென்னையில் பணம் சேர்த்தவர். 1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை அதன் கவர்னராக இருந்தார். சென்னை மாநகராட்சி 1688-ல் தொடங்கியதும் இவர் காலத்தில்தான். சொந்த வியாபாரத்தில் வரம்பு மீறினார் என்ற புகார்களால் பதவி பறிபோனது.

1718-ல் கனெக்டிகட்டிலிருந்த சிறு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஆகியவற்றை அனுப்பினார். சரக்கு விற்றுக் கிடைத்தது சுமார் 562 பவுன். கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அவருடைய குணத்தை எடைபோட்டு வைத்த பெயரல்ல அது. கொடைக்குச் செய்த கைம்மாறு.

அந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதே இன்றைய வழக்கு. பெரும்பகுதி வைர வியாபாரத்தில் வந்தது. ஆனால் 1687-ல் அவர் தலைமையிலான கோட்டைக் கவுன்சில், ஐரோப்பா செல்லும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. பஞ்ச காலம் அது. வயிற்றுக்கில்லாதவர்கள் மலிவாக விலைபோனார்கள். அவ்வாண்டு ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் ஏற்றுமதியானதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மறு ஆண்டே கவுன்சில் இதைத் தடை செய்தது. அதை யேலின் கருணையாகக் கொள்ள முடியாது. கோல்கொண்டாவை வென்றிருந்த முகலாயர் ஆட்சியின் எதிர்ப்பு அதன் பின்னால் இருந்தது.

ஒருவரின் முதன்மையான பாரம்பரியம் எது, அவர் காலத்திலேயே அது எதிர்க்கப்பட்டதா, எதற்காகப் பெயர் வைக்கப்பட்டது ஆகியவற்றைப் பெயர் மாற்றத்துக்கான அளவுகோல்களாக 2016-ல் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று வகுத்தது. அடிமைமுறைக்காக வாதாடிய ஜான் கால்ஹூனின் பெயரை 2017-ல் ஒரு விடுதிக் கல்லூரியிலிருந்து நீக்கி, கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் பெயரைச் சூட்டினார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் நிலைத்தது. அதே அளவுகோலைக் கவர்னர் யேல் மீது வைத்தால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்குப் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது.

யேலின் குடும்பத்தாரோடு, கழுத்தில் வெள்ளிப் பட்டை பூட்டிய ஓர் அடிமைச் சிறுவனைக் காட்டும் ஓவியம் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சிறுவனின் பெயர் இன்னும் தெரியவில்லை. யேலின் மகன் டேவிட்டின் பெயரோ சென்னைச் சட்டக் கல்லூரியின் பழைய வளாகத்துக் கல்லறையில் நிற்கிறது. அந்தக் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2023-ல் உயர் நீதிமன்றத்தில் உத்தரவு பிறந்தது.