தட்டும் டம்ளரும் எதற்காகத் தனியாக?

காசநோய் என்று தெரிந்த மறுநாளே பல வீடுகளில் தட்டும் டம்ளரும் தனியாகிவிடும். மருந்து தொடங்கி மாதக்கணக்கில் ஆனாலும் சேர்த்து வைக்க மாட்டார்கள். இந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா என்று தேடத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் பழைய ஆய்விதழ்களைப் புரட்டத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டது 1959ஆம் ஆண்டுக் கட்டுரை. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு சானடோரியம்: சத்தான சாப்பாடு, ஓய்வு, நர்ஸ்களின் கவனிப்பு. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்தாம்: ஐசோனியசிடும் பாஸும். வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக விழுங்குகிறாரா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய்ச் சிறுநீர் வாங்கி, அதில் மருந்து இருக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். ஆண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஏழை வீடுகளில் இருந்தவர்களும் இவ்வளவு தேறியிருப்பதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது.

ஆனால் என் கேள்வி அங்கே தீரவில்லை. நோயாளி தேறினார் சரி, பக்கத்தில் படுத்த பிள்ளைகள்? அதே இதழின் 1960ஆம் ஆண்டுத் தொகுதியில் குடும்பத்தாரைப் பற்றித் தனிக் கட்டுரை கிடைத்தது. அது முதல் ஓராண்டின் கணக்கு மட்டுமே. காசநோய்க் கிருமியோ உடம்புக்குள் வருடக்கணக்கில் பதுங்கிக் கிடக்கக்கூடியது. ஐந்தாண்டுக் கணக்கு 1966இல்தான் வெளிவந்திருக்கிறது. வீட்டிலேயே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் கூடுதலாகப் பரவியதற்குத் தடயமே இல்லை!

காரணமும் அந்தப் பக்கங்களிலேயே இருந்தது. குடும்பத்தாருக்கு ஆபத்து பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நேர்ந்துவிடுகிறது. மருந்தில்லாமல் நோயாளி இருமிக்கொண்டிருந்த மாதங்களில் கிருமி காற்றில் கலந்து மற்றவர் நுரையீரலுக்குப் போயிருக்கும். தட்டு வழியாக அல்ல. சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் தொற்றும் வேகமாகக் குறைகிறது. அதனால் வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானதும், தட்டைப் பிரிப்பதை விட்டுவிட்டு, குழந்தைகள் உட்பட எல்லோரையும் உடனே பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்.